குறைந்த செலவில் முதல் கயாக்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

சென்னையிலிருந்து கடலூர் வரை உள்ள உப்பங்கழிகளில் கயாக் (இரு முனையிலும் இலையுள்ள துடுப்பால் ஓட்டும் ஒல்லியான சிறு படகு) ஓட்டிப் பார்த்தவர்கள், அடுத்த வாரமே "சொந்தமாக ஒன்று வாங்கலாமா?" என்று கேட்பது வழக்கம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா போன்ற குளிர்நீர் நாடுகளுக்கானவை. அதை அப்படியே பின்பற்றினால் தேவையில்லாத பொருளுக்குப் பணம் போகும். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் வேண்டியது விட்டுப்போகும். தமிழ்நாட்டுக் கரையில், அமைதியான நீரில் தொடங்கப்போகிறவரை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

லைஃப் ஜாக்கெட். அப்புறம் துடுப்பு. கயாக் கடைசியில்தான்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணத்தையெல்லாம் படகில் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதில் ஏதோ ஓர் ஆரஞ்சு ஜாக்கெட்டை வாங்குகிறார்கள். வாடகைக்குக் கிடைக்கும் கயாக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதோடு தரும் ஜாக்கெட் நூறு பேர் போட்டுக் கழற்றியதாக இருக்கும். உங்கள் அளவில் இருக்காது, ஒரு கொக்கி உடைந்திருக்கும், பட்டை நழுவும். சொந்த ஜாக்கெட்டும் சொந்தத் துடுப்பும் வைத்துக்கொண்டு வாடகைக் கயாக்கில் சில மாதங்கள் ஓட்டுங்கள். தனியாகப் போகப் பிடிக்கிறதா, துணையோடு போகப் பிடிக்கிறதா, எவ்வளவு நேரம் முதுகு தாங்குகிறது, வீட்டில் எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்குள் தெளிவாகிவிடும். படகு வாங்கும்போது இந்த நான்கும் தெரிந்திருந்தால்தான் பணம் வீணாகாது.

வாடகைக்கு எடுத்தே ஓட்டிக்கொண்டிருந்தால் போதாதா?

பலருக்குப் போதும். வாங்க நினைக்கும் கயாக்கின் விலையை ஒரு தடவை வாடகையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கையை இரண்டு வருடத்துக்குள் நீங்கள் எட்டமாட்டீர்கள் என்றால் வாடகையே லாபம். தண்ணீரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் வசிப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டும். போக்குவரத்தே அலுப்பாகி, படகு மொட்டைமாடியில் தூங்கும்.

எந்த வகைக் கயாக் வாங்குவது?

தொடங்குபவர் முன் மூன்று வகைகள் இருக்கின்றன.

மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் வகைதான் நம் ஊர் வாடகைக் கயாக்குகளில் பெரும்பாலானவை. அச்சைச் சுழற்றி வார்க்கும் ரோட்டோமோல்டிங் முறையில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த, உள்ளே காற்று நிரம்பிய மூடிய கூடு. உட்காரும் இடத்தில் அடிவரை போகும் துளைகள் இருக்கும். கட்டுமரத்தில் அலை ஏறி இறங்கிப் போவதைப்போல, உள்ளே வரும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். தண்ணீரை இறைக்க வேண்டியதில்லை. வெப்பமான நீரில் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. குறை எடைதான்: பத்தடி நீளமுள்ளது 20 முதல் 30 கிலோ வரை இருக்கும்.

உள்ளே கால் நீட்டி உட்காரும் சிட்-இன்சைட் வகை குளிர்நீருக்காகவும் நீண்ட தூரத்துக்காகவும் உருவானது. வேகமாகவும் நேராகவும் போகும். ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். அதைக் காலி செய்ய கைப்பம்பு, காற்றுப்பைகள், முக்கியமாக மறுபடி ஏறும் பயிற்சி எல்லாம் வேண்டும். முதல் கயாக்காக இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, காற்று ஊதிப் பயன்படுத்தும் இன்ஃபிளேட்டபிள். மடித்துப் பையில் போட்டால் 10 முதல் 18 கிலோ. அடுக்குமாடியில் இருப்பவர்கள், கார் இல்லாதவர்கள், மாடிப்படி ஏற வேண்டியவர்களுக்கு நடைமுறையில் இதுதான் ஒரே வழி. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

காற்றடிக்கும் கயாக் பொம்மை மாதிரிதானே? அதை நம்பிப் போகலாமா?

எது என்பதைப் பொறுத்தது. நீச்சல்குளத்துக்கான மெல்லிய ரப்பர் படகை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிவிசியில் செய்த, இரண்டு மூன்று தனித்தனிக் காற்றறைகள் கொண்ட கயாக்கில் ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை மிதக்கவைக்கும். கரைக்குத் திரும்ப அது போதும்.

விலை குறைந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்தது இன்டெக்ஸ். அதில் எக்ஸ்ப்ளோரர் கே2 இருவருக்கானது, சுமார் 3.12 மீட்டர் நீளம், 180 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். சேலஞ்சர் கே1 ஒருவருக்கானது, சுமார் 2.74 மீட்டர், 100 கிலோ. துடுப்பும் பம்பும் கூடவே வரும். ஏரி, குளம், அலையில்லாத காயல் போன்ற இடங்களுக்கு இவை போதும். கடல் அலைக்கு இவற்றை இறக்க வேண்டாம்.

ஒரு படி மேலே டெக்கத்லான் கடைகளில் விற்கும் ஊதும் கயாக்குகள் போன்றவை இருக்கின்றன. அவற்றில் விலை கூடிய சில மாடல்களில் தரைப்பகுதி டிராப்-ஸ்டிட்ச் முறையில் செய்யப்பட்டிருக்கும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்திருப்பதால் அழுத்தமாகக் காற்றடித்தாலும் பலகை மாதிரித் தட்டையாக நிற்கும். சாதாரண பிவிசி கயாக்குக்கு ஒரு பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அழுத்த அலகு) அளவே காற்று; டிராப்-ஸ்டிட்ச் வகை எட்டு, பத்து பிஎஸ்ஐகூடத் தாங்கும். நடுவில் தொய்யாத படகு உங்கள் உழைப்பை முன்னோக்கிக் கொண்டுபோகும். தொய்ந்த படகு அதைத் தின்றுவிடும். பணம் கொஞ்சம் கூட்டிப் போட முடிந்தால் இந்த வித்தியாசத்துக்குப் போடுங்கள். மற்றபடி கோப்பை வைக்கும் இடம், வண்ணம், கேமரா மாட்டும் கொக்கி இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அடியில் மாட்டும் ஃபின் (மீன்செதில் போன்ற சின்னத் தகடு) பெட்டியில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் ஊதிய கயாக் நேராகப் போகாது, ஒவ்வொரு வீச்சுக்கும் முகம் திரும்பும்.

வெயிலில் வெடித்துவிடும் என்கிறார்களே?

உண்மை. நம் ஊரில் இந்தக் கயாக்குகள் முள் குத்திச் சாவதைவிட வெயிலில் சாவது அதிகம் என்பது என் எண்ணம். காரணம் எளிய இயற்பியல். காலை 25 டிகிரியில் முழு அழுத்தத்துக்கு ஊதி, மணலில் வெயிலில் போட்டால் உள்ளே காற்று 50 டிகிரியைத் தொட்டுவிடும். அடைபட்ட காற்றின் மொத்த அழுத்தம் அப்போது சுமார் 8 சதவீதம் கூடும். கேட்க அது சின்ன எண்தான். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பிவிசி விரிந்து கொடுக்காதவரை, ஒரு பிஎஸ்ஐக்கு ஊதியது இரண்டைத் தாண்டிவிடும். ஒரு பிஎஸ்ஐக்கென்று ஒட்டிய தையல் அதைத் தாங்காது.

அதனால் நிழலில் ஊதுங்கள். கொஞ்சம் தளர்வாக ஊதி, தண்ணீரில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்துக் குறைவாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடக் கரையேறும்போது நிழலில் வையுங்கள். நிழல் இல்லை என்றால் தண்ணீரிலேயே கட்டிப்போடுங்கள், அல்லது வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுங்கள். பம்பில் அழுத்தமானி இருந்தால் யூகம் வேண்டாம். கார் டயருக்கான சின்ன கம்ப்ரஸர் இதற்கு உதவாது. அது அழுத்தம் கொடுக்கும், நிறையக் காற்றுக் கொடுக்காது; ஒரு கயாக்கை நிரப்ப நெடுநேரம் எடுக்கும். இழுக்கும்போதும் தள்ளும்போதும் காற்றுத் தரும் கைப்பம்பு ஒன்று போதும்.

கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒதுக்கீடாகச் சொல்கிறேன். தனியாக ஓட்டுபவர் ஜாக்கெட்டுக்கு 4,000 வரை ஒதுக்குங்கள். துடுப்புக்கு 4,000. நீர்புகாப் பை, விசில், தொப்பி, கயிறு, செல்பேசி உறை எல்லாவற்றுக்கும் 2,000. மிச்சம் 20,000-க்குள் கிடைக்கும் கயாக்கைத் தேடுங்கள். புதிதென்றால் ஊதும் வகை, பொறுமை இருந்தால் பழைய சிட்-ஆன்-டாப். கயாக்கோடு துடுப்பு வந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள், அந்த 4,000 கையில் இருக்கட்டும்.

கணவன் மனைவி இருவரும் என்றால் முதலில் இரண்டு ஜாக்கெட்டுகள். அதனால் படகுக்கான தொகை குறையத்தான் செய்யும். குறைந்ததற்கு ஏற்ற படகை வாங்குங்கள், அல்லது படகைத் தள்ளிப்போடுங்கள். ஒரு ஜாக்கெட்டை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

ஜாக்கெட்டில் என்ன பார்த்து வாங்குவது?

உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டே இல்லாத ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். மிதப்பு விசை நியூட்டன் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ 12402 தரத்தில் 50 நியூட்டன் வகை மிதப்பு உதவி. நீந்தத் தெரிந்து, கரைக்கு அருகே, உதவி பக்கத்திலேயே இருப்பவருக்கானது. 100 நியூட்டன் வகை அமைதியான நீரில் ஆளை முகம் மேலே இருக்கும்படி திருப்ப முயலும். 150, 275 எல்லாம் ஆழ்கடலுக்கு. கயாக்கில் கை நன்றாக வீச வேண்டும் என்பதால் நீந்தத் தெரிந்தவர்கள் 50 நியூட்டன் வகையைப் போட்டுக்கொள்கிறார்கள். கைப்புறம் அகலமாக வெட்டியிருக்கும், முதுகில் மெத்தை மேலேறி இருக்கும். அதனால் இருக்கையில் இடிக்காது.

ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை கிலோ எடை என்று சீட்டிலேயே இருக்கும். சட்டை அளவைப் பார்த்து எடுக்காதீர்கள். கடையிலேயே போட்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, கைகளைத் தூக்கி, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி முகத்துக்கு ஏறினால் அது உங்களுக்கான அளவு இல்லை. வீட்டுக்கு வந்ததும் மார்பளவு தண்ணீரில் உடம்பைத் தளர்த்தி மிதந்து பாருங்கள். வாய் தண்ணீருக்கு மேலே தங்க வேண்டும்.

சிலிண்டர் வைத்துத் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் அழகாக, இலகுவாக இருக்கும். தொடங்குபவர் அதை வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஊதிய பிறகும் சிலிண்டர் மாற்ற வேண்டும், பராமரிப்பு தவறினால் வேலை செய்யாது. நுரைமெத்தை வைத்த ஜாக்கெட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அதைத் தலையணையாக வைத்து உட்காரக்கூடாது. நுரை நசுங்கினால் மிதப்பு போய்விடும்.

பழைய ஜாக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். கயாக் பழையதாக இருக்கலாம், துடுப்பு பழையதாக இருக்கலாம். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் நுரை எத்தனை வெயில் பார்த்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

நீந்தத் தெரியாது. ஜாக்கெட் இருந்தால் போகலாமா?

பயிற்சியாளரோடு, ஆழமில்லாத அமைதியான நீரில், 100 நியூட்டன் ஜாக்கெட்டோடு ஒரு முறை அனுபவிக்கப் போகலாம். சொந்தமாகக் கயாக் வாங்கி ஓட்ட வேண்டும் என்றால் முதலில் நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். உங்களுடைய கயாக் பட்ஜெட்டில் மிகப் பயனுள்ள செலவு அதுவாகத்தான் இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் பதறுபவருக்கு எந்த ஜாக்கெட்டும் முழுதாக உதவாது. நீந்தத் தெரிந்தவர்களும் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திருப்பி, ஏறிப் பழக வேண்டும். அது வரும் வரை கரையை விட்டு விலக வேண்டாம்.

துடுப்பு எந்த நீளம்? அலுமினியமா, கார்பனா?

நீளத்தை உங்கள் உயரத்தைவிடக் கயாக்கின் அகலம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. ஒல்லியான கயாக்குக்கு 210–220 செ.மீ. போதும். சாதாரண சிட்-ஆன்-டாப்புக்கு 220–230. ஊதும் வகை அகலமானது என்பதால் 230–240 வேண்டியிருக்கும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் விரல் முட்டி படகில் இடிக்கும்.

அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் இலையும் உள்ள துடுப்பு ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். கார்பன் 700 கிராம் பக்கம். ஒரு மணி நேரத்தில் சாதாரணமாக ஆயிரத்து ஐந்நூறு தடவைகூடத் துடுப்பைத் தூக்குவீர்கள். 300 கிராம் வித்தியாசம் என்பது மணிக்கு 450 கிலோ கூடுதல் சுமை. தோள் அதை உணரும். இருந்தாலும் முதல் துடுப்பு கார்பன் வேண்டாம். பாறையில் தட்டுவீர்கள், மணலில் ஊன்றித் தள்ளுவீர்கள். ஃபைபர் கிளாஸ் தண்டு கட்டுப்படியானால் நடுவழி அதுதான். அலுமினியம் போலக் காலையில் சில்லென்றும் மதியம் சுடவும் செய்யாது. இரண்டாகக் கழற்றும் துடுப்பில் நடு இணைப்பு ஆடுகிறதா என்று மட்டும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு பூத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பேர் இழுத்தாலும் வராது.

பழைய கயாக் எங்கே கிடைக்கும், எப்படிச் சோதிப்பது?

அலைச்சறுக்குப் பள்ளிகள், ரிசார்ட்டுகள், படகு வாடகைக்காரர்கள் அவ்வப்போது பழைய கயாக்குகளை மாற்றுவார்கள். கோவளம், புதுச்சேரி பக்கம் நேரில் போய்க் கேட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது இணைய விளம்பரத்தைவிடப் பலன் தரும். மழைக்காலம் தொடங்கும் முன் கேளுங்கள். மூன்று மாதம் சும்மா கிடக்கப்போகும் படகை விற்க அவர்களும் தயாராக இருப்பார்கள்.

பிளாஸ்டிக் கயாக் என்றால் கவிழ்த்துப் போட்டு அடியின் பின்முனையை முதலில் பாருங்கள். வாடகைப் படகுகளை மணலில் தரதரவென்று இழுத்துப் போவார்கள். தேய்மானம் முழுக்க அங்கேதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கினால் வேண்டாம். மேலோட்டமான கீறல்கள் பரவாயில்லை. வடிதுளைகளின் உட்சுவரில் விரிசல் இருந்தால் வேண்டாம். வண்ணம் வெளுத்து, தேய்த்தால் கையில் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டினால் வெயில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது என்று பொருள்.

அடுத்து, படகை ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் எங்கோ கசிவு. வடிகால் மூடியைத் திறந்து இரண்டு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றி, மூடி, இப்படியும் அப்படியும் சாய்த்தால் கசியும் இடம் வெளியே ஈரமாகத் தெரியும். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. எபாக்ஸியோ எம்-சீலோ பூசி மறைத்திருந்தால் விலையைப் பேசாமல் திரும்பி வாருங்கள். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டு செய்திருந்தால், வேலை சுத்தமாக இருந்தால், எடுக்கலாம்.

ஊதும் கயாக் என்றால் விற்பவர் வீட்டில் முந்தைய இரவே ஊதி வைக்கச் சொல்லுங்கள். காலையில் சற்றுத் தொய்வது இரவின் குளிர்ச்சியால் இருக்கலாம். பாதி இறங்கியிருந்தால் ஓட்டை. சோப்புத் தண்ணீரை வால்விலும் தையலிலும் தடவுங்கள், குமிழி வரும். உடலின் நடுவே ஓட்டை என்றால் பிவிசி ஒட்டுப் போட்டுச் சரியாக்கலாம். தையல் பிரிந்திருந்தால் அந்த வம்பு வேண்டாம்.

எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பலாமா?

அந்த எண் மூழ்காமல் இருக்கும் எல்லை. நன்றாக ஓடும் எல்லை அதில் முக்கால் பங்குதான். 100 கிலோ என்று போட்டிருந்தால் உங்கள் எடை, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து 75-க்குள் இருக்கட்டும்.

வெட்சூட், ஸ்பிரே ஸ்கர்ட் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். முன்னது குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை; பின்னது சிட்-இன்சைட் கயாக்கின் வாயைத் தண்ணீர் புகாமல் மூடும் துணி. நம் கடல் நீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. இங்கே உங்களைக் களைப்பாக்குவது வெயில். முழுக்கை செயற்கை இழை டீ-ஷர்ட், கழுத்து மறையும் தொப்பி, தாடையில் கட்ட நாடா, நிறையக் குடிநீர், இவைதான் நம் ஊர் வெட்சூட். ஜீன்ஸும் தடித்த பருத்தியும் நனைந்தால் கனக்கும், தவிருங்கள்.

காலுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். பாலத் தூண்களிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு மாதிரி அறுக்கும். பின்பட்டை உள்ள செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போதும். ரப்பர் செருப்பு சேற்றில் முதல் அடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

நீர்புகாப் பையில் விலைக்கு ஏற்ற வித்தியாசம் அதிகம் இல்லை. வாயை மூன்று மடிப்பு மடித்துக் கொக்கி போட்டால் பத்து லிட்டர் பை எதுவும் வேலை செய்யும். விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்று அர்த்தம்.

வாங்கியாயிற்று. எங்கே ஓட்டலாம்?

இது வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் நம் படகை இறக்க முடியாது. அணைகளிலும் பெரிய ஏரிகளிலும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு, வனத்துறையையும் படகுக் குழாமையும் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கல்பாக்கம், கூடங்குளம், துறைமுகங்கள் பக்கம் நெருங்கவே வேண்டாம். அமராவதி அணையிலும் கொள்ளிடத்திலும் முதலைகள் இருக்கின்றன. அங்கே கயாக் பற்றி யோசிக்காதீர்கள். இறங்க நினைக்கும் இடத்தில் மீன்பிடிக்கும் ஆட்களிடம் பேசுங்கள். வலை எங்கே விரித்திருக்கிறது, சேறு எங்கே, ஓதம் எப்போது ஏறும் என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. அவர்கள் வலையை மிதிக்காமல் விலகிப் போவது நம் கடமை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊதும் கயாக் தண்ணீரில் ஆழ்ந்து உட்காராது, பக்கச்சுவரோ உயரம். காற்று அதைப் பாய் போலப் பிடித்துத் தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் காலை வேளைகளில் அடிப்பது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் கச்சான் காற்று. அப்போது கரையோரம் அலை அடங்கி, கடல் அழைப்பது போலத் தெரியும். இறங்கினால் போவது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும். மணிக்கு 20 கி.மீ. காற்றை எதிர்த்துப் புதியவர் ஒருவர் ஊதிய கயாக்கை முன்னே நகர்த்துவதே கஷ்டம். நிலக்காற்று வீசும் நாளில் ஊதும் கயாக்கோடு கடலில் இறங்காதீர்கள், முகத்துவாரம் பக்கமும் போகாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; ஆறுகள் பெருகிக் கழிமுகங்கள் உடைந்து ஓடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை விடிகாலை நேரம் தொடங்குவதற்கு ஏற்றது. புறப்படும் முன் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் காற்றின் திசையையும் பார்த்துவிடுங்கள்.

கார் மேலே கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். கேரியர் கம்பிகளில் நுரைக்குழாய் சுற்றி, படகைக் கவிழ்த்து வைத்து, கொக்கிப் பட்டைகளால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டை வேண்டாம். இறுக்க இறுக்கப் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். முன்னும் பின்னும் ஒரு கயிறு பம்பர் பக்கம் இறங்கட்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி.

ஒட்டுப்பலகையில் நாமே செய்தால் மலிவாக முடியாதா?

முடியாது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை, எபாக்ஸி, கண்ணாடி இழைத் துணி எல்லாம் சேர்த்தால் நல்ல பழைய கயாக்கின் விலையைத் தொட்டுவிடும். செய்வதில் ஆசை இருந்தால் செய்யுங்கள், அது நல்ல வேலை. முதல் கயாக்காக மட்டும் வேண்டாம்.

குழந்தைக்கு என்ன வாங்குவது?

குழந்தையின் எடைக்கு உரிய ஜாக்கெட், கால்களுக்கு இடையே போகும் பட்டையோடு, கழுத்துக்குப் பின்னால் தூக்கும் பிடியோடு. "அடுத்த வருடமும் ஆகட்டும்" என்று பெரிய அளவு எடுப்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்கு ஆகாது. பெரிய ஜாக்கெட்டிலிருந்து குழந்தை கீழே நழுவிவிடும். குழந்தையைக் கயாக்கோடு எதனாலும் கட்டிவைக்காதீர்கள்.

ஓட்டி முடித்ததும் என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவுங்கள், ஜாக்கெட்டின் கொக்கிகள் உட்பட. பிளாஸ்டிக் கயாக்கை நிழலில் பக்கவாட்டில் சாய்த்தோ கவிழ்த்தோ வையுங்கள். முனைக் கைப்பிடிகளில் கட்டித் தொங்கவிட்டால் நடுவில் வளையும். ஊதும் கயாக்கை மடிப்பு மடிப்பாகத் துடைத்து முழுதாகக் காய்ந்த பிறகே சுருட்டுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சுருட்டியதைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். எலி ஒரே இரவில் நான்கு மடிப்பிலும் ஓட்டை போட்டுவிடும்.

ஆபத்தென்றால் யாரை அழைப்பது?

கடலில் கடலோரக் காவல்படை 1554. தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. எங்கிருந்தாலும் 112. செல்பேசியை உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், படகோடு கட்டாதீர்கள். கவிழ்ந்த பிறகு படகு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகலாம். கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டி எவ்வளவு பொறுத்து அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.